அத்தையின் கைவலிக்கு வாங்கிய மெஷின்

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வாஷிங் மெஷின் ஒரு திங்கட்கிழமை காலையில் பாதித் தண்ணீரோடு நின்றுபோகும். பழுது பார்க்க வருகிறவர் பின்பக்கத்தைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இதுக்குப் புதுசே வாங்கிடலாம் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிறகு வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மேலே திறக்கிற மாதிரியா, முன்னால் திறக்கிற மாதிரியா, ஏழு கிலோ போதுமா, போர்வை துவைக்க எட்டு வேண்டாமா என்று பேச்சு ஓடும்.

எங்கள் கொரட்டூர் வீட்டில் போன மாதம் இது நடந்தது. என் வீட்டுக்காரர் போனில் படம் படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். மூன்று வாரம் நான் எதற்கும் சரி சொல்லவில்லை. “நான் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீ இவ்ளோ யோசிக்கலயே” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். மூன்று வாரமும் துணியைக் கையால்தான் துவைத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு போர்வையைப் பிழிவது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஏன் இழுத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இந்த வயதுக்கு வந்தவர்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. நம் வீடுகளுக்கு முதல் ஃபேன், முதல் டிவி, முதல் மெஷின் எல்லாம் வந்ததை நேரில் பார்த்தவர்கள் நாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்காக வந்தது. எங்கள் வீட்டு மெஷின் அத்தைக்காக வந்தது.

அப்போது கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. லேத்திலிருந்து வரும் இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, நல்லதை ஒரு பெட்டியிலும் தள்ளுபடியை இன்னொரு பெட்டியிலும் போடுகிற வேலை. அம்மாவும் எஸ்டேட்டில்தான், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற இடத்தில். நாள் முழுக்கக் காலர் மட்டும் தைப்பாள். வீட்டுக்கு வந்து எங்கள் கழுத்தைத் தொடும்போது விரல் நுனி சொரசொரவென்று இருக்கும்.

அத்தை நைனாவின் தங்கை. பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்தார்கள். ஐந்து வருடம் குழந்தை இல்லை என்றதும் அந்த வீட்டில் வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள். அத்தை ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பது முப்பத்திரண்டு இருக்கும். நைனாவுக்கு மட்டும் அவள் எப்போதும் ‘பாப்பா’.

வீட்டு வேலையை யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. அம்மா வேலைக்குப் போகிறாள், அத்தை வீட்டில் இருக்கிறாள், அதனால் எல்லாம் தானாக அத்தையிடம் போய்ச் சேர்ந்தது. அதில் பெரியது துணி. பின்பக்கம் கைபம்புக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் போட்டிருந்தது. பம்பில் வருவது உப்புத் தண்ணீர். எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. நைனாவின் காக்கிச் சட்டையில் இருக்கிற எண்ணெய்க் கறைக்காகவே தனியாக ஒரு நீலச் சோப்புக் கட்டி. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தச் சோப்பு வாசனைதான் வரும். எங்கள் யூனிபார்மை அவள் பித்தளைச் செம்பில் வெந்நீர் ஊற்றி அதன் அடிப்பாகத்தால் தேய்த்துத் தருவாள். என் பாவாடை மடிப்பு வகுப்பில் வேறு யாருக்கும் வராது.

அந்த வருடம் தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, தெருக்கோடி வரை தண்ணீர் வந்து நின்றது. கொடியை அவிழ்த்துக் கூடத்துக்குள் குறுக்கே கட்டினோம். சாதாரணமாக மழை நாளிலும் அத்தை முறுக்கிப் பிழிகிற பிழியில் துணி பாதி காய்ந்துவிடும். அந்த மழையில் எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கின. தரையெல்லாம் ஈரம். வீடு முழுக்க ஒரு புளித்த வாடை. அந்த வாடையோடு நான் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அம்மா கொடியில் கிடந்த என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இன்னா இது? பிழியாமயே கொடியில போட்டா எப்டி காயும்?”

“கை வலிக்குது அண்ணி. முறுக்க முடியல” என்றாள் அத்தை.

“நானும்தான் காலையிலருந்து மிஷின் முன்னால குந்திக்கினு கீறேன். எனுக்கு வலிக்காதா?”

அத்தை கொடியிலிருந்து பாவாடையை எடுத்து, அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தாள். வலது கையை மடித்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு இடது கையால்தான் பிடித்திருந்தாள். கை வலித்தாலும் என் வேலையைச் செய்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் அப்போது தோன்றியது.

அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவள் கெட்டவள் இல்லை. களைத்துப் போனவள். களைத்துப் போனவர்களுக்கு அடுத்தவர் வலி ஒரு சாக்காகத்தான் தெரியும். எனக்கு அது என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது புரிந்தது.

நைனா ஒரு சனிக்கிழமை அத்தையை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டர் வயதான ஆண். “இன்னாம்மா வேல செய்றே?” என்று கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் நைனா, “அஞ்சு பேரு துணி தோய்க்குது சார். தோச்சித் தோச்சி வந்த வலி” என்றார். டாக்டர் புடவைக்கு மேலேயே தோளை அழுத்திப் பார்த்தார். களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, “கொஞ்ச நாளைக்குப் பிழியறத நிறுத்தும்மா” என்றார். அத்தை எழுந்தாள். மறுபடி உட்காரப்போவதுபோல ஒரு கணம் நின்றாள். வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

“டாக்டரே சொல்லிட்டாரு பாப்பா. ஒரு மிஷினு வாங்கிடலாம்” என்று நைனா அங்கேயே, மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் சொன்னார்.

எங்கள் தெருவில் அப்போது யாரிடமும் மெஷின் கிடையாது. அம்மாவிடம் சொன்னபோது அவள் தட்டிலிருந்து நிமிரவில்லை. “உங்க தங்கச்சிக்குக் கைவலின்னா மிஷினு. எனுக்கு முதுகுவலின்னா இன்னா வாங்குவீங்க?” என்றாள். அத்தை உடனே, “எனுக்கு வோணாம் அண்ணா. மழ வுட்டா சரியாப்பூடும்” என்றாள். நைனா கேட்கவில்லை. தங்கையின் கல்யாணத்தை விசாரிக்காமல் செய்துவைத்துவிட்டோம் என்கிற உறுத்தல் அவருக்கு உள்ளே இருந்தது. இந்த முறை நன்றாக விசாரித்துச் செய்யவேண்டும் என்று முடிவு செய்திருப்பார்போல.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் பார்க்கப் போனோம். நைனா, அத்தை, நான். அம்மா வர மறுத்துவிட்டாள். நைனா சட்டைப் பையில் கம்பெனி அளவுகோலை வைத்துக்கொண்டு வருவார். முதலில் அம்பத்தூரில் ஒரு கடை. அங்கே இருந்தது ஒற்றைத் தொட்டி. துவைக்கும், பிழியாது. விற்பனையாள் என்னென்னவோ சொன்னார். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இது புழியுமா?”

“பிழியறது நாமதான்க்கா பிழியணும்.”

“அப்ப வோணாம்” என்றார் நைனா.

அடுத்த வாரம் ஆவடி. அங்கே சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்கக் கொடுத்த ஒரு மெஷின் இருந்தது. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு. அத்தை குனிந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நைனா தண்ணீர்க் குழாய் எங்கே மாட்டுவது, எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வரவேண்டும் என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மாடியில் தொட்டி இல்லாத வீட்டுக்கு அது உதவாது. அந்தக் கடையில் கொடுத்த வழவழப்பான தாளை அத்தை பத்திரமாக மடித்து எடுத்துவந்தாள். அதில் குட்டை முடி வைத்த ஒரு பெண் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். “இவ கையப் பாரேன். சட்டி கழுவுன கையாட்டமா கீது?” என்று அத்தை என்னிடம் காட்டினாள். அந்தத் தாளைத்தான் என் சமூகவியல் நோட்டுக்கு அட்டை போட்டேன். அந்த நோட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இப்போது கிடைத்தால் வேறெதையும் கேட்க மாட்டேன்.

அந்த வாரத்தில்தான் மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, அத்தை என்னைத் திருவேற்காட்டுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “கோயிலுக்குப் போவ மட்டும் கை நல்லா கீது” என்று அம்மா வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கோயில் வாசல் கடைகளில் வேண்டுதலுக்காகத் தகட்டில் அடித்த உருவங்கள் விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். கண் வலித்தால் கண், கால் வலித்தால் கால் வாங்கி உண்டியலில் போடுவார்கள். ஈரத் தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு தட்டு நிறைய அவை பளபளத்துக்கொண்டு கிடந்தன. நான் முந்திக்கொண்டு ஒரு கை உருவத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினேன். அத்தை அதை வாங்கித் தட்டிலேயே வைத்தாள். விரலால் துழாவி வேறொன்றை எடுத்தாள். அது ஒரு பெண்ணின் மார்பு.

“கைதானே அத்தே வலிக்குது?”

“உஸ்ஸு” என்றாள். கடைக்காரம்மாவைப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். “ஊட்ல சொல்லாத இன்னா? சொன்னா வேண்டுதல் பலிக்காது.”

நான் தலையாட்டினேன். அவள் எனக்குப் பொரி வாங்கித் தந்தாள். உண்டியலில் அந்தத் தகட்டைப் போடுவதற்கு முன்பு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்பதை நான் முழுசாக நம்பினேன்.

மூன்றாவது கடை பூந்தமல்லியில். புகுந்த ஊர் என்பதால் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். அந்தக் கடையில்தான் இரட்டைத் தொட்டி மெஷின் இருந்தது. ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் போட்டால் பிழிந்து தரும். கடைக்காரர் ஒரு கைக்குட்டையை நனைத்து, பிழிகிற தொட்டியில் போட்டு, மூடியைச் சாத்தி ஓட்டிக் காட்டினார். எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“தண்ணியே இல்ல அண்ணா” என்றாள். அவள் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

நைனா அளவுகோலை எடுத்தார். உயரம் அளந்தார். அடிப்பாகம் இரும்பா பிளாஸ்டிக்கா, துரு பிடிக்குமா என்று தரையில் படுத்துப் பார்த்தார். ஓடும்போது மேலே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஆட்டம் எவ்வளவு என்று பார்த்தார். கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு தபா அத்தையைத் துணி எடுத்துப் போடச் சொல்லுங்க, கைக்கு எட்டுதா பாக்கலாம்” என்று நான்தான் சொன்னேன். அத்தை ஒரு ஈரத் துண்டை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றினாள். வலது கை பாதிக்கு மேல் ஏறவில்லை. முகம் சுருங்கியது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். “ஏம்மா, கை தூக்க முடியலயா? எத்தினி நாளா? நல்ல டாக்டரா பாத்தியா?” என்று கேட்டாள்.

நைனா தரையில் இருந்தபடியே, “துணி தோச்ச வலிம்மா அது. பாத்தாச்சு. மிஷினு வந்தா சரியாப்பூடும்” என்றார்.

அந்த அம்மா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை சிரித்துக்கொண்டே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டதை, ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாங்கள் நான்கு பேரும் கேட்கவில்லை.

மார்கழிப் பாதியில் மெஷின் வந்தது. இளநீல உடம்பு, வெள்ளை மூடி. தெருப் பெண்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஓடும்போது அது நகர்ந்து நகர்ந்து சுவர் ஓரம் போனது. நைனா சாக்கை மடித்துக் காலுக்குக் கீழே வைத்தார். போர்வைகள், நைனாவின் காக்கி, எங்கள் யூனிபார்ம் எல்லாம் போட்டாள் அத்தை. பிழிந்து எடுத்தபோது துணி சுருள் சுருளாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக வந்தது. தம்பி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அன்று அத்தை மாதிரி ஒருத்தர் சந்தோஷப்பட்டு நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆனால் தன் துணியை மட்டும் அவள் மெஷினில் போடவில்லை. முன்போலவே கல்லருகில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது கையால் கசக்கினாள். “எதுக்கு மிஷினு வாங்குனதாம்?” என்று அம்மா நைனாவிடம் கேட்டாள். பத்து நாள் கழித்தும் அத்தை கை வலிக்கிறது என்று சொன்னபோது, “மிஷினு வந்தும் வலி போவலயா? அப்ப வலி கையில இல்ல” என்றாள். சோம்பேறித்தனம் என்று சொல்லவந்தாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது. சொன்னவளின் காதில் எப்படி நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பொங்கலுக்கு அம்மாவுக்கு நான்கு நாள் லீவு. போகியன்று வீட்டையே ஒழித்தார்கள். அத்தை கடைக்குப் போயிருந்தபோது அம்மா மூலையில் சுருட்டிவைத்திருந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு மெஷினிடம் போனாள். அதில் அத்தையின் ரவிக்கைகளும் இருந்தன. நான் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ரவிக்கையை உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்பக்கம், வலது மார்பு வரும் இடத்தில், பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துத் தைத்திருந்தது. அந்தத் துணி காய்ந்து, பழுப்பும் சிவப்புமாக விறைத்திருந்தது. அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். அடுத்த ரவிக்கையை எடுத்தாள். அதிலும் இருந்தது.

அத்தை பூசணிப்பூவோடு உள்ளே வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அம்மா அலறினாள். நாங்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அழ ஆரம்பித்தோம். “ஐயோ, இத்தினி நாளா… ஏண்டி சொல்லல? ஏண்டி எங்கிட்ட சொல்லல?” என்று அம்மா கத்துவது கேட்டது. அத்தை சொன்ன பதில் கேட்கவில்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுத்து எடுத்தார்கள். கட்டி அக்குளுக்கும் தோளுக்கும் பரவிவிட்டது, கைவலி அதனால்தான், ஆறு மாதம் முன்பே வந்திருக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். நைனா அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது நான் கோயிலில் நடந்ததைச் சொன்னேன். அத்தைக்குச் சரியாகவில்லையே, இனிமேல் சொன்னால் என்ன என்று நினைத்துச் சொன்னேன். நைனா நின்றபடியே என்னைக் குனிந்து பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை.

“அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னைக் குற்றம் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மனசு தாங்காமல் வாயில் வந்துவிட்டது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அத்தைக்குத் தலைவாரிவிட்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள். வலது கை தலையணை மாதிரி வீங்கிக் கிடந்தது. அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தடவிக்கொடுத்தாள். புண்ணில் கட்டும் துணிகளை மெஷினில் போடவில்லை. வெந்நீரில் ஊறவைத்து அந்தக் கல்லருகில் உட்கார்ந்து தன் கையாலேயே கசக்கிப் பிழிந்து காயப்போட்டாள். ஒருநாள் அத்தை கட்டிலிலிருந்து பார்த்துவிட்டு, “மிஷினு கீதே அண்ணி. ஏன் கஷ்டப்படறே?” என்றாள். அம்மா திரும்பிப் பார்க்காமல், “நீ சும்மா இரு” என்றாள்.

சித்திரையில், வெயில் கொளுத்துகிற ஒரு மத்தியானம், அத்தை போய்விட்டாள். அன்று பிழிந்து போட்ட துணிகள் அரைமணி நேரத்தில் காய்ந்து கொடியில் அசையாமல் தொங்கின.

அந்த மெஷின் அதற்குப் பிறகு பதினான்கு வருடம் ஓடியது. ஒரே ஒரு தடவை பெல்ட் மாற்றினோம். நைனா நல்ல மெஷினாகத்தான் பார்த்து வாங்கியிருந்தார்.

நைனா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள், எழுபத்து மூன்று வயது. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக நாங்கள் மூவரும் கடைக்குப் போய், முன்னால் திறக்கிற மெஷின் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தோம். கடையில் அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்தாள்.

“ஏண்டி இத்தினி நாளு இழுத்தடிச்சே? அத்தை நெனப்பா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் சொன்னேன். கோயில், தகடு, பஸ் ஸ்டாப்பில் நைனா சொன்ன அந்த வார்த்தை எல்லாவற்றையும். மெஷின் கடைக்குப் போனாலே நைனா தரையில் படுத்துத் தேடுவதும், நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பதும்தான் கண்ணில் வருகிறது என்றேன். நாற்பது வருடமாக அம்மாவிடம் சொல்லாததைச் சொன்னேன்.

அம்மாவின் கை கீரைக்காம்பில் நின்றுவிட்டது.

“நைனா உன்ன அப்டியா கேட்டாரு?” என்றாள். காம்பைக் கீழே வைத்தாள். பிறகு, “நீ சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்னு நெனச்சிக்கினு கீறியா? அவ எங்கிட்டயே சொல்ல வந்தாடி” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“ஆவணி மாசம். மழக்கி முன்னால. நான் வேலைக்குக் கெளம்பி வாசப்படி எறங்கிட்டேன். பின்னாலயே வந்தா. ‘அண்ணி, ஒண்ணு காட்டணும். ஒரு நிமிசம் உள்ள வாயேன்’னா. முனையில கம்பெனி பஸ்ஸு ஆரன் அடிக்கிறான். சாயங்காலம் வந்து பாக்கறேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். சாயங்காலம் வந்தப்ப அவ சோறு வடிச்சிக்கினு இருந்தா. காலையில இன்னாமோ காட்டணும்னியேன்னு கேட்டேனா? கேக்கல. மறந்தே பூட்டேன். அப்பால அவளும் சொல்லல.”

“கதவ சாத்திக்கினு அவள கேட்டேனே,” என்றாள் அம்மா, “ஏண்டி எங்கிட்ட சொல்லலன்னு. அப்ப அவ இன்னா சொன்னா தெரியுமா? ‘ஒரு தபா வந்தேன் அண்ணி, உனுக்கு நேரமாயிடுச்சி’ன்னா.”

“நைனாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“யாருக்கும் தெரியாது. உன்கிட்டதான் சொல்றேன். உன் மேல ஒண்ணும் இல்ல. நீ கொழந்த. நான் அந்த பஸ்ஸ உட்டிருக்கணும்.”

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மீதிக் கீரையில் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இருவரும் ஆய்ந்தோம். வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்தபடி வந்து, நாளைக் காலை பதினோரு மணிக்கு மெஷினைக் கொண்டுவருகிறார்களாம், வீட்டில் யார் இருப்பீர்கள் என்று கேட்டார்.

“நாங்க ரெண்டு பேரும் இருப்போம்” என்றாள் அம்மா.